தறி இருந்த கூடம்

வீட்டு அலங்காரத்துக்கு யோசனை தேடுகிறவர்கள் இன்றைக்கு முதலில் திறப்பது கைப்பேசியை. நானும் அதைத்தான் செய்தேன். பள்ளிப்பட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. நைனா போய் ஒரு வருடம் கழித்து, அங்கே ஓடிக்கொண்டிருந்த இரண்டு விசைத்தறிகளையும் விற்றோம். விற்றோம் என்பது கொஞ்சம் கௌரவமான சொல். பழைய இரும்புக் கடைக்காரர் ஆள் அனுப்பி, கழற்றி, எடைபோட்டு, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்த அறைக்கு நான்கு மூலைகள் இருக்கின்றன என்பதையே அன்று சாயங்காலம்தான் முழுசாகப் பார்த்தேன்.

வடக்குச் சுவரோரம் ஒரு கடப்பாக் கல் கிடந்தது. அதன் கீழே தாத்தாவின் குழித்தறிப் பள்ளம். கைத்தறிக் காலத்தில் நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் விட்டு மிதியை மிதிப்பார். நைனா விசைத்தறிக்கு மாறியபோது பள்ளத்தைத் தூர்க்காமல் மேலே கல்லைப் போட்டு, நூல் கோன் மூட்டைகளை அடுக்கிவிட்டார். கல்லைப் புரட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சுத் தூசி, ஒரு உடைந்த நாடா, சில தார்க்குச்சிகள், எலி கடித்த ஒரு பழைய செருப்பு.

அம்மா என்னோடு பெங்களூருக்கு வரமாட்டேன் என்று முன்பே தீர்த்துச் சொல்லிவிட்டாள். “அங்க வந்து நான் இன்னாடா பண்றது? லிஃப்டுல ஏறி ஏறி எறங்கறதா?” ஆக, ஒரே ஆள் வாழப்போகும் ஒரு வீட்டில், இதுவரை ஆட்களுக்கென்று இருந்திராத ஓர் அறையை வசிக்கும் இடமாக மாற்ற வேண்டும். அதற்கு எங்கிருந்து யோசனை எடுப்பது, எங்கிருந்து பொருள் வாங்குவது என்பதுதான் ஏழெட்டு மாதமாக என் வார இறுதிகளின் கேள்வியாக இருந்தது.

*

பின்டெரெஸ்டில் ‘பாரம்பரிய தென்னிந்திய வரவேற்பறை’ என்று தேடினேன். பித்தளை உருளியில் மிதக்கும் பூ, மர ஊஞ்சல், வெள்ளைச் சுவர், மூலையில் பெரிய இலைச்செடி. இரண்டாவது படத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அவ்வளவுதான், அதன்பின் ஒரு வாரத்துக்கு உலகத்தில் உருளியைத் தவிர வேறு பொருளே இல்லை.

பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இது ஏன் இப்படி ஆகிறது என்று எனக்கு ஓரளவு தெரியும். ஒவ்வொரு படமும் எண்களாலான ஒரு நீண்ட வரிசையாக மாற்றப்படுகிறது. நாம் எந்தப் படத்தில் நின்றோமோ, அதற்கு அருகில் உள்ள எண்வரிசைகளைத் தேடி எடுத்துத் தருவதுதான் இயந்திரத்தின் வேலை. நிறைய பேர் சேமித்த படம் மேலே வரும். மேலே வந்ததால் இன்னும் நிறைய பேர் சேமிப்பார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் போய் நிற்போம். அமெரிக்க எழுத்தாளர் கைல் சாய்க்கா 2016 இல் இதற்கு ‘ஏர்ஸ்பேஸ்’ என்று பெயர் வைத்தார். எந்த ஊர்க் காபிக் கடைக்குள் போனாலும், எந்த நாட்டு வாடகை அறைக்குள் போனாலும், அதே மரமேசை, அதே தொங்கும் விளக்கு, அதே வெள்ளைச் சுவர். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதில்லை. ஒரே திரையைப் பார்த்துப் பழகிய கண்கள் தானாக உருவாக்கியது.

பெங்களூரில் உள்ளரங்க வடிவமைப்பு செய்யும் நண்பர் ஒருவருக்குக் கூடத்தின் படங்களை அனுப்பினேன். பள்ளத்தைப் பார்த்ததும் அவருக்குக் குஷி. பள்ளத்துக்குள் விளக்குப் போட்டு, உடைந்த நாடாவை உள்ளேயே வைத்து, மேலே கெட்டியான கண்ணாடி பதித்துவிடலாம் என்றார். இரண்டே நாளில் கணினியில் படம் வரைந்தும் அனுப்பிவிட்டார். அழகாகத்தான் இருந்தது. பத்திரிகையில் போடலாம்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். 

“குழியில எதுக்குடா லைட்டு?”

“தாத்தா நெய்ஞ்ச எடம்மா. ஒரு நினைவா இருக்கட்டும்னு.”

“உங்க தாத்தாவுக்கு முட்டி போனது இந்தக் குழியிலதான். மழைக்காலத்துல தண்ணி ஊறிக்கும், கோணிய போட்டு உக்காந்து நெய்வாரு. அத நான் தெனம் லைட்டு போட்டுப் பாக்கணுமா? மூடுடா.”

அந்தக் கேள்விக்கு நண்பரின் படத்தில் பதில் இல்லை. பாரம்பரியம் என்று நான் பார்ப்பதும் அம்மா பார்ப்பதும் ஒரே பள்ளம்தான். அவளுக்கு அதில் ஈரமும் முட்டிவலியும் தெரிகிறது. வார இறுதியில் வந்து போகிற எனக்கு வடிவம் தெரிகிறது. அங்கே தினமும் இருக்கப்போவது யார் என்று பார்த்தால் வழக்கு ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் அதோடு அலங்காரம் என்கிற கேள்வி தீரவில்லை. அம்மாவுக்கு எது அழகு? அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, நான் உட்பட வீட்டில் எவரும்.

*

நெசவாளி வீட்டில் அலங்காரத்துக்கு முதலில் இடம் கிடையாது. பெரிய அறை தறிக்கு. வெளிச்சம் வரும் ஜன்னல் தறிக்கு. மின்விசிறிக்குக்கூட யோசிக்க வேண்டும், நூல் பறக்கும். மிச்சமிருக்கும் சந்தில் மனிதர்கள் சமைத்து, படித்து, தூங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் பொருளை எங்கே வைத்தாலும் அரைநாளில் அதன்மேல் பஞ்சுத் தூசி ஒரு படலமாக உட்கார்ந்துகொள்ளும். 

அப்படியும் அழகு எங்கெங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. நிலைப்படிக்கு மஞ்சள் பூசி வைத்த குங்குமப் பொட்டுகள். வெள்ளிக்கிழமை வாசலில் கோலம்; எதிர்வரிசை வீடுகளில் அதற்கு முக்கு என்று பேர். 1960 ஏப்ரல் 1 ஆம் தேதிவரை எங்கள் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. எல்லை மாறி, திருத்தணி தாலுகாவோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தோம். பேச்சு மாறவில்லை, பாதித் தெரு இன்றும் தெலுங்கு. ஒரு சுவரில் திருத்தணி முருகன் காலண்டர் என்றால் எதிர்ச்சுவரில் திருப்பதி வெங்கடாசலபதி. எல்லை வழக்கைச் சாமி படங்கள் இப்படித்தான் சமாதானமாக முடித்துக்கொண்டன. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போகும் பூக்காவடிகளின் நிறங்கள், மஞ்சளும் சிவப்பும் அதன்மேல் மயில்தோகையும், எங்கள் ஊர்ப் பெண்களின் நிறத்தேர்வில் இன்னும் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அம்மா எந்தப் புடவை எடுத்தாலும் இரண்டு நிறங்கள் சண்டைபோட வேண்டும்.

அப்புறம் மேட்டித் துணி. கட்டம்போட்ட அந்தத் துணியில் குறுக்குத் தையலில் அன்னம், கிளி, ரோஜாக்கூடை, நடுவில் ‘வெல்கம்’ என்று போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவார்கள். எண்பதுகளில் கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண்கள் எல்லார் கையிலும் இது இருந்திருக்கும். அம்மா போட்ட இரட்டை அன்னம் எங்கள் வீட்டில் தறிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஒரு சுவரில் முப்பத்தைந்து வருடம் தொங்கியது. தறி போனபிறகுதான் அது வெளியே தெரிந்தது.

மற்றபடி வீட்டில் இருந்த துணியெல்லாம் லுங்கிதான். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை பக்கம் விசைத்தறி என்றாலே பெரும்பாலும் லுங்கி. பாவு முடியும்போது மிஞ்சும் துண்டு, அழுக்குப் பட்டுக் கழிந்த துண்டு, கோடு பிசகிய துண்டு எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். தலையணை உறை கட்டம். ஜன்னல் திரை கட்டம். டிவி மேல் போர்த்திய துணி கட்டம். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பை கட்டம். பொறியியல் கல்லூரி விடுதியில் என் மெத்தை விரிப்பைப் பார்த்து ‘இன்னாடா, கைலிய போட்டுத் தூங்கற’ என்று ஒருவன் சிரித்தது நினைவிருக்கிறது. முதல் சம்பளத்தில் வெள்ளையாக, ஒரு கோடுகூட இல்லாத விரிப்பு வாங்கினேன்.

பதினைந்து வருடம் கழித்து, கூடத்துக்குப் பொருள் தேடும்போது, இணையக் கடை ஒன்றில் ‘மெட்ராஸ் செக்’ மெத்தைத்திண்டு உறை என்று கண்டேன். ஒன்று ஆயிரத்துச் சொச்சம். நீலமும் அரக்கும் கலந்த அந்தக் கட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தலையணை அது.

*

இதில் கோபப்பட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கொஞ்சம் படித்துப் பார்த்தபோது, கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாகிவிட்டது. இந்தக் கரையில் நெய்த துணியை வைத்து வேறு யாரோ வீட்டை அலங்கரிப்பது கிட்டத்தட்ட நானூறு வருடக் கதை.

லண்டனில் வாழ்ந்த சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் 1663 செப்டம்பரில் ஒரு செலவை எழுதிவைத்திருக்கிறார். மனைவியின் புதிய படிப்பறைச் சுவர்களை மூட, வண்ணம் தீட்டிய இந்தியப் பருத்தித் துணி வாங்கியிருக்கிறார். அவர்கள் அதை ‘சின்ட்ஸ்’ என்றார்கள். நம் பக்கத்துச் சொல் கலம்காரி. மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே நீளும் சோழமண்டலக் கரையில், கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில், இரும்பும் வெல்லமும் ஊறிய கருமையில் கோடிழுத்து, படிகாரம் தடவிச் சாயவேரில் சிவப்பேற்றிச் செய்த துணி. துவைத்தாலும் நிறம் போகாது. ஐரோப்பாவுக்கு அந்த வித்தை அப்போது தெரியாது. படுக்கைவிரிப்பு, கட்டில் திரை, சுவர்த்துணி என்று அங்கே வீடுவீடாக நுழைந்துவிட்டது. உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686 இல் தடைபோட்டு 1759 வரை விலக்கவில்லை. இங்கிலாந்து 1700 இல் ஒரு சட்டமும் 1721 இல் இன்னும் கடுமையாக ஒன்றும் கொண்டுவந்தது. தடைக்குப் பிறகும் ஆசை போகவில்லை. டேவிட் கேரிக் என்ற புகழ்பெற்ற நாடக நடிகரின் வீட்டுக்கு வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் துணிகளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. மனைவிக்காக அவர் அதிகாரிகளிடம் மன்றாடி எழுதினார். அந்தத் துணிகள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் நிர்வாகிகள் 1643 இல் இந்தியாவிலிருந்த தங்கள் ஆட்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சிவப்புத் தரை போட்ட விரிப்புகள் இங்கே அவ்வளவாகப் போணியாகவில்லை, வெள்ளைத் தரை அதிகம் விட்டு நடுவில் கிளையும் பூவும் வருகிறமாதிரி செய்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அப்புறம் மாதிரிப் படங்களும் கப்பலில் வரத் தொடங்கின. இங்கிருந்த கைவினைஞர்கள் அதைப் பார்த்துத் தாங்கள் கண்டிராத பூக்களை வரைந்தார்கள். கிளை எங்கேயிருந்து வருகிறது, வேர் எங்கே போகிறது என்பதெல்லாம் அவர்கள் கைவரிசை. இன்று பாரம்பரிய இந்திய வடிவம் என்று நாம் சட்டம்போட்டு மாட்டுகிற அந்த ‘வாழ்வின் மரம்’, பாதி லண்டன் வாடிக்கையாளரின் வெள்ளைத் தரை ஆசை.

கட்டத்துணியின் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் கொசஸ்தலை ஆறு, மழைக்காலத்தில் ஆந்திராவின் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் தரைப்பாலங்களை மூழ்கடித்துக்கொண்டு ஓடி, பூண்டி வழியாகப் போய் எண்ணூரில் கடலில் சேர்கிறது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613 இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி அங்கிருந்து துணி ஏற்றினார்கள். கட்டம்போட்ட துணியும் அதில் போனது. துணி போன இடத்துக்கெல்லாம் ஊர்ப்பேரும் போனது. மலாய்க்காரர்கள் கட்டம்போட்ட கைலியை ‘காயின் பெலிகாட்’ என்கிறார்கள். மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் கைக்குட்டைக்குப் ‘பலியகாதே’ என்று பெயர். இரண்டும் பழவேற்காடுதான். என் திருவள்ளூர் மாவட்டத்து மீன்பிடி ஊர் ஒன்று, மெக்சிகோ விவசாயியின் கழுத்தில் இருக்கிறது. விடுதியில் சிரித்தவனுக்கு இதை அப்போதே சொல்லியிருக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் கட்டத்துணியை ‘இஞ்சிரி’ என்று அழைத்துத் தங்கள் துணியாகவே ஆக்கிக்கொண்டவர்கள். கலபாரிப் பெண்கள் கூரான கத்தியால் துணியில் சில இழைகளை மட்டும் தூக்கி அறுத்து உருவிவிடுவார்கள். அறுத்த இடங்கள் சேர்ந்து புதிய உருவம் ஒன்று வரும். பழைய கட்டம் பின்னால் மங்கலாகத் தெரியும். பெரியவர் ஒருவர் இறந்தால், வீட்டின் அறைகளில் கட்டில்களை வைத்துக் குடும்பத்தின் சேமிப்புத் துணிகளால் மடிப்பு மடிப்பாக அலங்கரிப்பார்கள். அதில் இஞ்சிரிக்கும் இடமுண்டு. ஜோன் ஐச்சர் என்ற ஆய்வாளர் இதைப்பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

அதைப் படித்த இரவு தூக்கம் பிடிக்கவில்லை. எங்கோ ஒரு வீட்டில், தங்கள் மூத்தவரை வழியனுப்ப, இருப்பதிலேயே மதிப்பான துணி என்று பெட்டியிலிருந்து எடுத்து விரிக்கிறார்கள். அதே குடும்பத்துத் துணியை நெய்த என் நைனாவை நாங்கள் கடையில் வாங்கிய வெள்ளை வேட்டியில்தான் அனுப்பினோம். வழக்கம் அது, அதில் குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் மனம் அங்கேயே சுற்றியது.

*

யோசனைக்கு அடுத்தது பொருள். தமிழ்நாட்டில் வீட்டு அலங்காரம் என்றால் எல்லாரும் கை காட்டுவது செட்டிநாட்டை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நானும் போனேன். இடிக்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்கள், செதுக்கிய நிலைகள், பீங்கான் ஜாடிகள், எனாமல் பாத்திரங்கள், யாருடைய தாத்தா என்று தெரியாத புகைப்படங்கள். கடைக்காரர்கள் நன்றாக விஷயம் தெரிந்தவர்கள். ஒரு தூணைத் தட்டிக்காட்டி ‘பர்மாத் தேக்கு சார், இப்ப காசு குடுத்தாலும் கெடைக்காது’ என்றார் ஒருவர். நிஜம். ஆனால் அந்தத் தூண் என் கூடத்தில் நின்றால் எதைத் தாங்கும்? எங்கள் வீட்டுக்கு மேலே இருப்பது ஒரு கான்கிரீட் கூரை, அதற்கும் மேலே வற்றல் காயப்போடும் மொட்டைமாடி. எவர் வீட்டுச் சாவியையோ இடுப்பில் சொருகிக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களைப் பற்றி யோசித்தால் வேறொன்று புரிகிறது. பர்மாவிலிருந்து மரம், இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூவேலை ஓடுகள் என்று வணிகத்துக்குப் போன இடமெல்லாம் பொருள் சேர்த்தார்கள். அவர்கள் பாரம்பரியத்தைத் தேடிப் போகவில்லை. தங்கள் வாழ்க்கை எங்கெல்லாம் போய்வந்ததோ அதைச் சுவரில் ஏற்றினார்கள். ஆத்தங்குடிக் கல் அப்படிப் பிறந்ததுதான். வெளிநாட்டு ஓட்டைப் பார்த்த கண்ணும், உள்ளூர் மணலும் சேர்ந்தது. கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு அடியில் இருந்த கண்ணாடி தருவது, அதன்பின் வருடக்கணக்கான பாதங்கள் தருவது. 

தரைக்கு அதைப் போடலாம் என்று ஒரு கல்லை எடுத்துவந்து அம்மாவிடம் காட்டினேன். தடவிப் பார்த்து “அழகா கீது” என்றாள். அடுத்த கேள்வி: “தெனம் தொடைக்கணுமா?”

வடிவமைப்பு நூல்கள் நூறு பக்கத்தில் சொல்வதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவுக்குக் கூட்டிப்போனேன். தென்னிந்தியாவின் பல ஊர்களில் இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி, 1996 முதல் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். லாரி பேக்கரின் கைபட்ட வளாகம். வீட்டு அலங்காரத்துக்கு யோசனை வேண்டுமென்றால் நான் யாருக்கும் முதலில் சொல்கிற இடம் அதுதான். திரையில் பார்க்கும்போது தெரியாத மூன்று விஷயங்கள் அங்கே தெரியும்: திண்ணையின் உயரம், தாழ்வாரத்தின் இருட்டு, முற்றத்திலிருந்து வரும் காற்று. அங்கே காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்றும் இருக்கிறது. அம்மா அதற்குள் போய் நின்றாள். சுவரைத் தொட்டாள், தூணைத் தொட்டாள், கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

“நம்ம பழைய வீடு மாதிரிதான் கீது. ஆனா தூசி இல்ல. சத்தமும் இல்ல.” கொஞ்சம் கழித்து, “சத்தம் இல்லாங்காட்டி யாரோ செத்த வீடு மாதிரி கீது” என்றாள்.

விசைத்தறிச் சத்தத்தில் முப்பது வருடம் தார் சுற்றியவள். காது பாதி போய்விட்டது. டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைப்பாள். வாசலில் யாராவது கூப்பிட்டால் கேட்காது. அவள் தனியாக இருக்கப்போகும் வீட்டுக்கு நான் முதலில் யோசித்திருக்க வேண்டிய பொருள் எது என்று அங்கேயே முடிவானது. மறுவாரம் அழைப்புமணியோடு ஒரு விளக்கை இணைத்தேன். வாசலில் பித்தானை அழுத்தினால் கூடத்திலும் சமையலறையிலும் மஞ்சள் விளக்கு மூன்றுமுறை மினுக்கும். பின்டெரெஸ்டில் யாரும் சேமிக்கப்போவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மட்டும் காரணமில்லாமல் வந்து அழுத்திவிட்டு ஓடுகிறார்கள். அம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான்.

*

திரைத்துணிக்கு எதிர்வீட்டு அண்ணனிடம் போனேன். எங்கள் தெருவில் இன்னும் தறி ஓட்டுகிற சிலரில் அவர் ஒருவர். நான் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, மஞ்சளும் மெல்லிய பச்சையும் கலந்து இருபது மீட்டர் வேண்டும் என்றேன். 

சிரித்தார். “தம்பி, இருவது மீட்டருக்கெல்லாம் பாவு போட முடியாது. பாவு போட்டா நூத்துக்கணக்குல மீட்டர் வரும். மிச்சத்த யாரு எடுப்பா, உங்க கம்பெனியா?”

கொஞ்ச நேரம் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் ஓடிக்கொண்டிருந்தது அரக்கும் கரும்பச்சையும் கலந்த வழக்கமான கட்டம்.

“பாவ மாத்த முடியாது. ஓடறது ஓடறதுதான். வேணும்னா ஊடைய மாத்தித் தரேன். கட்டம் வேணாம், நேரா மஞ்ச நூல் மட்டும் ஓட்றேன். எப்பிடி வருதுன்னு பாரு.”

நெசவு தெரியாதவர்களுக்கு: பாவு என்பது நீளவாக்கில் முன்பே இழுத்துக் கட்டிய நூல். ஊடை என்பது குறுக்கே நாடாவில் போய்வரும் நூல். அடுத்த நாள் அவர் காட்டிய துணியில் அரக்கும் பச்சையும் நெடுக்குக் கோடுகளாக நின்றன. குறுக்கே போன மஞ்சள் இரண்டையும் வேறு நிறமாக மாற்றியிருந்தது. அரக்கு, பழுத்த மாம்பழத் தோல் மாதிரி. பச்சை, புளியந்தளிர் மாதிரி. லுங்கிதான், ஆனால் யாரும் லுங்கி என்று சொல்லமாட்டார்கள். அண்ணனே இரண்டுமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நல்லாதான் கீதுல்ல?” என்று என்னைக் கேட்டார். நாற்பது வருடம் அடுத்தவர் சொன்ன கட்டத்தை நெய்தவரிடம், அந்தக் கேள்வியைக் கேட்கும் சந்தர்ப்பம் எத்தனை முறை வந்திருக்கும்?

இலங்கையில் பார்பரா சான்சோனி என்ற ஓவியர் 1964 இல் ‘பேர்ஃபுட்’ கைத்தறி நிறுவனத்தைத் தொடங்கினார். கன்னியாஸ்திரிகள் கிராமத்துப் பெண்களுக்கு நெசவு சொல்லிக்கொடுத்துவந்த இடத்தில், வடிவம் வரைந்துதரச் சொல்லி இவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் நிறங்களைத் தன்னைச் சுற்றியிருந்த கடலிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும் எடுத்தார். கூடவே, தீவு முழுக்கச் சுற்றிப் பழைய வீடுகளையும் கோயில்களையும் கோட்டோவியங்களாகப் பதிவுசெய்துவந்தார். அது பிற்பாடு நூலாகவும் வந்தது. ஒரு வீட்டை வரைய வேண்டுமென்றால் அதன் எதிரே மணிக்கணக்கில் உட்கார வேண்டும். யோசனை தேடுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு மத்தியானம் காலிக் கூடத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். மூன்றரை மணிக்கு மேற்கு ஜன்னல் வெளிச்சம் எதிர்ச்சுவரில் சரியாக இரட்டை அன்னத்தின் மேல் விழுந்தது. அந்தச் சுவரில் வேறெதுவும் மாட்ட வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்தேன். சட்டத்தை மட்டும் மாற்றினோம். ‘வெல்கம்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அம்மா அதை இன்றுவரை கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை.

பள்ளத்தை மூடும் நாளில் மேஸ்திரி காலையிலேயே வந்துவிட்டார். அம்மா குளித்து, பள்ளத்தின் நான்கு ஓரத்திலும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். ஆயுத பூஜைக்குத் தறிக்கு வைப்பதுபோலத்தான். கற்பூரம் காட்டினாள். உடைந்த நாடாவை எடுத்து என்னிடம் கொடுத்து “இத நீ வச்சிக்கோ” என்றாள். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, “ம், கொட்டுங்க” என்றாள். ஏழெட்டுச் சட்டி மண்ணில் அது நிரம்பிவிடும் என்று நினைத்திருந்தேன். ஒரு மாட்டுவண்டி மண் பிடித்தது.

ஆத்தங்குடிக் கல்லை விட்டுவிட்டு, பழைய சிவப்புத் தரையையே வைத்துக்கொள்ள அம்மா சொன்னாள். கால் வழுக்காது, பழகின தரை. பள்ளம் இருந்த இடத்தில் மட்டும் புதிதாகச் சிவப்புக் காவி இழைத்தார் மேஸ்திரி. எவ்வளவு முயன்றும் பழைய நிறத்தோடு ஒட்டவில்லை. “நாற்பது வருஷத் தரைக்கு எப்படி சார் ஒரே நாள்ல ஈடு குடுக்கறது? நடக்க நடக்க வந்துடும்” என்றார். ஆறடிக்கு மூன்றடி, கொஞ்சம் அடர்த்தியான சிவப்பில் ஒரு செவ்வகம் இப்போது கூடத்தில் தெரிகிறது. வருகிறவர்கள் சிலர் அங்கே ஒரு கம்பளம் போடலாமே என்கிறார்கள். நண்பர்கூட நல்ல ஜமக்காளம் ஒன்று பரிந்துரைத்தார்.

அம்மா அந்த இடத்தில் ஒன்றும் போடவிடவில்லை. மாலையில் மஞ்சள் ஊடை ஓடிய திரை வழியாக வெளிச்சம் வரும்போது, எதிர்வீட்டுத் தறிச் சத்தம் தரையில் லேசாக அதிரும். காதுக்குக் கேட்காவிட்டாலும் காலுக்குத் தெரியும் என்று அம்மா சொல்கிறாள். அந்தச் செவ்வகத்தில் பாயை விரித்து உட்கார்ந்து பூ கட்டுகிறாள்.